டிப்போவில் ஒரு கயிற்று வியாபாரி

எங்கள் டிப்போவின் அந்த டிரைவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியை முழுதாகத் திறப்பதற்கு முன்பே திட்ட ஆரம்பித்துவிடுவார். இடது கையில் போன், வலது கையில் டப்பா. மூடி பாதி திறந்தபடி நிற்கும். "அயோக்கியப் பசங்க. நேத்து என்ன வெலை, இன்னைக்கு என்ன வெலை? மனுஷன் வாங்குற வெலையா இது?" என்று போனின் முகத்துக்கு நேராகவே கேட்பார். ஓய்வறை பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் இன்னொரு டிரைவர் கண்ணைத் திறக்காமலே, "எதுண்ணே, வெங்காயமா?" என்பார்.

"செம்பு."

"உங்க வீட்டுக்கு எதுக்குண்ணே செம்பு?"

"வீட்டுக்குன்னு யாருய்யா சொன்னா? துறைமுகத்துல ஏறிக் கெடக்கு."

கேட்டவர் சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். எங்கள் டிப்போவிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும்.

அந்தத் துறைமுகம் அவருடைய போனுக்குள் இருக்கிறது. எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து நடமாடும் விளையாட்டு. சிலர் அதில் கடல் கொள்ளையரோடு சண்டை போடுகிறார்கள், சிலர் தீவு தீவாகப் புதையல் தேடுகிறார்கள். இவர் கயிறு விற்கிறார். சதுப்பு நிலத்தில் நாணல் அறுத்து, ஊறப்போட்டு, முறுக்கி, சுருளாகச் சுற்றிச் சந்தையில் கடை பரப்புவார். படகு கட்டுகிறவர்கள் வந்து வாங்குவார்கள். டிப்போவில் அவருக்குப் பெயரே கயிறு என்றாகிவிட்டது. "கயிறு இன்னைக்கு எந்த ரூட்டு?" என்று மேனேஜரே கேட்பார். "கயிறு திரிக்கிறதுல நம்ம யூனியன் தலைவருக்கு அடுத்து இவருதான்" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கெல்லாம் அவர் கோபித்துக்கொண்டதில்லை. "தலைவர் திரிக்கிற கயித்துல ஒரு படகும் கட்ட முடியாதுய்யா" என்பதோடு சரி.

டிப்போவின் நேர அலுவலகத்தில் எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று பார்ப்பது என் வேலை. என் ஜன்னலுக்கு எதிரே ஓய்வறை. காலை வண்டியை விட்ட பிறகு மாலை வண்டியை எடுக்கும் வரை இவருக்கு நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. வீட்டுக்குப் போய்வர அது போதாது, சும்மா உட்கார்ந்திருக்க அது மிக அதிகம். மற்றவர்கள் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். இவர் மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வியாபாரம் செய்வார். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன விரல்கள். அந்த விரலால் அவ்வளவு சின்னப் பொத்தானை எப்படி அமுக்குகிறார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இரண்டு விஷயங்களில் அவர் எல்லோரையும் போல் இல்லை. ஒன்று, பேரம் பேச மாட்டார், யாரையும் பேசவும் விட மாட்டார். மனைவி காய்கறிக் கடையில் வாயைத் திறந்தால், "அவன் வெலை சொல்லிட்டான்ல, வாங்கு, இல்ல வெச்சுட்டு வா" என்று பையைப் பிடுங்குவார். அதனால் கடைக்குப் போகும்போது அந்த அம்மா இவரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் போவார். இன்னொன்று, அவருடைய கோபம். கத்துகிறார் என்றால் அது எரிச்சல், பயப்பட வேண்டாம். நிஜமாகக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். கோபம் ஏற ஏற, அவர் சொல்வதைக் கேட்க நாம் காதை அருகில் கொண்டுபோக வேண்டும்.

பல வருடங்களாக அவர் கடையில் கயிற்றின் விலை மாறியதே இல்லை. சுருள் மூன்று தங்கக் காசு. "ஒரு ஆளு மலையில காலைல செம்பு தோண்டுனா, அரசாங்க உலைல குடுத்து மூணு காசு வாங்கலாம். ஒரு காலை வேலைக்கு ஒரு சுருள் கயிறு. நியாயம்தானே?" என்பார். காசு எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். வாயில் சாப்பாட்டோடு விளக்கினார்.

"யாரும் அச்சடிக்கிறது இல்ல. செம்பைக் கொண்டுபோய்க் குடுத்தா உலை காசைத் துப்பும். அப்பப் பொறக்குது. படகு நிறுத்த வரி, மண்வெட்டி ரிப்பேர், ஓடக்கூலி, இதுலெல்லாம் காசு போயிடும். அந்தக் காசு யாருக்கும் போய்ச் சேராது, செத்துரும். தொட்டி மாதிரிதான். மேல குழாய்ல விழுது, கீழ குழாய்ல போகுது. ரெண்டும் ஒரே அளவா இருந்தா தொட்டி தளும்பாது. எவனாவது மேல பத்துக் குழாயச் செருகினான்னு வைங்க."

"செருகினா?"

"செருகிட்டான்யா. அதானே சொல்லிட்டிருக்கேன்."

அவர் போனை என் பக்கம் திருப்பினார். ஒரு செம்பு மலை. அதன் மேல் வரிசையாக ஆட்கள். எல்லோருக்கும் ஒரே பழுப்புத் தொப்பி, ஒரே நடை, கடப்பாரையை ஓங்குவதும் ஒரே மாதிரி. பெயர்கள் தும்மினால் வரும் சத்தம் போல் வெறும் எழுத்துக் குவியல். யாரும் யாரோடும் பேசவில்லை. ஒருவன் உலைக்கு இறங்கினால் அவன் இடத்தில் இன்னொருவன் ஏறினான். மனிதர்கள் யாரும் பின்னால் இல்லாமல், தாமாகவே ஓடும்படி அமைக்கப்பட்ட கணக்குகள் அவை. இரவு பகல் இல்லாமல் தோண்டி, விழும் காசையெல்லாம் திரட்டி, வெளியே நிஜப் பணத்துக்கு விற்பதற்காக எவனோ ஏவிவிட்ட பொம்மைப் படை. உழைக்கச் சலித்த பணக்கார விளையாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு சந்தையில் வந்து இறைத்தார்கள். விலைவாசி ஏணி வைத்து ஏறியது.

இவர் மட்டும் மூன்று காசிலேயே நின்றார். பிடிவாதம் என்று சொல்லலாம், மடத்தனம் என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைச் சொன்னேன். ஏனென்றால் அவர் கடை திறந்த மாத்திரத்தில் யாரோ மொத்தச் சுருளையும் வாரிக்கொண்டு போய், பக்கத்துக் கடையிலேயே முப்பது காசுக்கு வைத்தார்கள். அவர் அறுத்த நாணல், அவர் முறுக்கிய முறுக்கு. லாபம் எவனுக்கோ. அதைப் பார்த்ததும் தானாக விற்கும் கடையை மூடிவிட்டு, ஒவ்வொருவருக்கும் நேரில் விற்க ஆரம்பித்தார். விற்பனையா அது? விசாரணை.

"எதுக்குத் தம்பி கயிறு?"

"படகுக்குண்ணே."

"எங்க படகு? கூட்டிட்டுப் போய்க் காட்டு."

பாதிப் பேர் ஓடிப்போனார்கள். காட்டியவர்களுக்கு மட்டும் மூன்று காசுக்குக் கொடுத்தார்.

அப்படி விடாமல் வந்தவர்களில் ஒருவர் தவளை. அது அந்தப் பெண் விளையாட்டில் வைத்துக்கொண்ட பெயர். எந்த ஊர், எத்தனை வயது என்று இவர் கேட்டதில்லை. ஏதோ ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு மடிக்கிறவர் என்பது மட்டும் பேச்சுவாக்கில் தெரியும். பின்னணியில் எப்போதும் பெரிய இயந்திரங்களின் உறுமல் கேட்கும். கரகரத்த குரல். அந்தப் பெண்ணுக்கு விளையாட்டில் ஒரே ஆசை, சொந்தமாக ஒரு படகு. காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டிக் கட்டி, காசு காசாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். கயிறு இவரிடம் மலிவாகக் கிடைத்தது. பலகை? பாய்த்துணி? ஆணி? அவற்றுக்கு இவரைப் போல முட்டாள் வியாபாரி யாரும் இல்லை.

ஒரு மதியம் ஓய்வறையில் எல்லோரும் கேட்கும்படி போனிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அண்ணே, நான் கெளம்புறேன்ணே."

"எங்கம்மா?"

"வெளியதான். நான் சேக்கச் சேக்க அது எனக்கு முன்னாடி ஓடுது. போன மாசம் இன்னும் கொஞ்சந்தான்னு நெனச்சேன். இப்ப பாத்தா ஆரம்பிச்சப்ப இருந்ததவிட தூரமா இருக்கு. நெஜத்துலயும் இப்படித்தான்ணே. இங்கயாவது வேற மாதிரி இருக்கும்னுதான் வந்தேன்."

"இரும்மா. கொஞ்ச நாளு பொறு."

"இல்லண்ணே. மிச்சமிருந்த கயித்தை உங்க வாசல்லயே வெச்சிருக்கேன்."

இயந்திர உறுமல் அறுந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்தியிருந்தார்கள். யாரோ ஒருவர், "விடுங்கண்ணே, வெளையாட்டுதானே" என்றார். இவர் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. அவ்வளவு தாழ்ந்த குரல்.

"விளையாட்டுதானே" என்ற அந்தச் சொல்லை நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போது அதைக் கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பெண் நாளெல்லாம் அடுத்தவர் படுத்தெழுந்த துணியை மடித்துவிட்டு, கிடைத்த நேரத்தில் வியர்வை சிந்திச் சேர்த்ததை எவனோ தூங்கிக்கொண்டே கரைத்திருக்கிறான். கரைந்தது நிஜமில்லை என்றால், அதை நிஜப் பணம் கொடுத்து ஏன் வாங்குகிறார்கள்?

அதற்கு அடுத்த வாரம் அவருக்கு விடுமுறை நாள். புதிதாக வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்தைப் படியேற்ற ஒரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். அன்று மதியத்துக்கு மேல்தான் முறை. மாடி அறையில் அந்த அம்மாவின் தம்பி இருந்தான். தொழிற்சாலை மூடியதில் வேலை போய், நெடுநாள் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். அக்கா ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏதோ ஆன்லைன் வேலை என்று எழுந்து உட்கார்ந்தான். அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். உள்ளே மின்விசிறி சத்தம் பலமாகக் கேட்கும். கரண்ட் பில் ஏறியது, அவனே கட்டினான். அந்தத் துவைக்கும் இயந்திரமும் அவன் வாங்கித் தந்ததுதான்.

இயந்திரத்தை ஒரு வழியாக வைத்துவிட்டு நாங்கள் கூடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். இவர் போனை எடுத்தார். "இந்த வைஃபை சனியன் கொஞ்ச நாளா நத்தையா ஊருது" என்று அதை அணைத்துவிட்டு, சிம் கார்டு இணைப்பில் செம்பு மலையைத் திறந்தார். தினமும் ஒருமுறை அந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது அவர் வழக்கம். உள்ளறையில் மனைவி இஸ்திரிப் பெட்டியைப் போட்டார். குளியலறையில் ஹீட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. படக்கென்று வீடு முழுக்க மின்சாரம் நின்றது.

"அக்கா! கரண்டு!" என்று மாடியிலிருந்து அலறல்.

இவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் நீட்டினார். மலையில் ஓங்கிய கடப்பாரைகள் ஓங்கியபடியே நின்றிருந்தன. இறங்கிக்கொண்டிருந்தவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். பழுப்புத் தொப்பி ஒன்றுகூட அசையவில்லை.

அவர் எழுந்து போய், வாசல் பக்கம் இருந்த மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார். மின்விசிறி சுற்றியது. வைஃபை பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சற்றுப் பொறுத்து மலையில் ஒருவன் கடப்பாரையை இறக்கினான். இன்னொருவன். பிறகு எல்லோரும்.

அவர் சுவிட்சைக் கீழே தள்ளினார். எல்லோரும் நின்றார்கள். மேலே தள்ளினார். நடந்தார்கள். மறுபடி கீழே, மறுபடி மேலே.

"ஏங்க, என்ன பண்றீங்க? குழந்தையா நீங்க?" என்று கையில் பாதி இஸ்திரி போட்ட சட்டையோடு மனைவி வந்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார் இவர். நான் குனிந்துதான் கேட்டேன்.

மாடிக் கதவை அவர் தட்டவில்லை, தள்ளினார். செருப்புக் கடையில் ஜோடிகளை அடுக்குவது போல் சுவர் நெடுக அலமாரித் தட்டுகளில் பழைய போன்கள் அடுக்கப்பட்டிருந்தன. விரிசல் விழுந்தவை, மூலை உடைந்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மனிதன் தோண்டிக்கொண்டிருந்தான். சூட்டைத் தணிக்க இரண்டு பெரிய மின்விசிறிகள். நடுவில் பனியனோடு மைத்துனன். முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்யப்பட்டவனின் சலிப்புதான் இருந்தது.

"நீயா மாப்ள?"

"நான் ஒருத்தன் மட்டும் இல்ல மாமா. ஊர்ப்பட்ட பேரு பண்றாங்க."

"என் மலையில?"

"உங்க மலையா? மாமா, அது கம்பெனிக்காரன் போட்ட படம். நான் யாரு சட்டப்பைலயும் கை வெக்கல. காசு வேணும்ங்கிறவன் கேக்குறான், குடுக்குறேன்."

"ஒரு பொண்ணு படகு வாங்க முடியாம வெளிய போயிடுச்சுடா."

"அந்தப் பொண்ணும் என்கிட்ட வாங்கியிருந்தா அன்னைக்கே படகு வந்திருக்கும்."

இதைக் கேட்டு இவர் கையை ஓங்குவார் என்று நான் முன்னால் போனேன். அதற்குள் அக்கா இடையில் வந்து நின்றார்.

"தொடாதீங்க. வருஷக்கணக்கா அவன் எப்படிக் கெடந்தான்னு பாத்தீங்கல்ல? சாப்பிடுடான்னா மூஞ்சியத் திருப்பிட்டுப் படுத்துப்பான். இப்பத்தான் குளிக்கிறான், சவரம் பண்றான், நாலு பேருகிட்ட பேசுறான். உங்க கயித்துக்காக அவனை மறுபடியும் படுக்க வெக்கப் போறீங்களா?"

போன்களுக்குள் கடப்பாரைகள் சீராக விழுந்துகொண்டிருந்தன.

அன்று சாப்பாட்டு மேஜையில், மைத்துனனை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, கம்பெனிக்குப் புகார் எழுதினார். முதுகுக்குப் பின்னால் செய்வது அவருக்கு வராது. எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார். கணக்குகளின் பெயர்கள், மலை, எல்லாம்.

"இந்த மலையை விட்டுப் போயிடு, அனுப்பல."

"எந்த மலையில தோண்டினாலும் காசு அந்தச் சந்தைக்குத்தானே வரும் மாமா?" அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அனுப்புங்க. நாங்க இல்லன்னா அங்க கூட்டமே இல்ல. இத்தனை லட்சம் பேரு வெளையாடுறாங்கன்னு அவன் போர்டு மாட்டுறதே எங்களையும் சேத்துத்தான்."

அனுப்பினார். மனைவி பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினார்.

கம்பெனி கும்பகர்ணனாகத் தூங்கும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விழித்துக்கொண்டது. விழித்து என்ன செய்தது என்பதுதான் என்னால் இன்றும் சாதாரணமாகச் சொல்ல முடியாதது. ஒரு மதியம் ஓய்வறையில் இவர் போனைத் திறந்தார். துறைமுகம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: தானியங்கிக் கணக்குகளைக் கூட்டாக நடத்திய ஓர் இணைய இணைப்பைக் கண்டுபிடித்திருக்கிறோம்; அந்த இணைப்பிலிருந்து வந்த கணக்குகள் அனைத்தும் நிரந்தரமாக மூடப்படுகின்றன. ஒரே வீடு, ஒரே வைஃபை. புகார் கொடுத்தவரையும் சேர்த்தே வாரிவிட்டார்கள். கயிற்றுப் பட்டறை, ஊறப்போட்ட நாணல், வாசலில் தவளை வைத்துவிட்டுப் போன சுருள், எல்லாம் போயிற்று.

அவர் முறையிட்டார். உடனே பதில் வந்தது. சிரிக்கும் மூஞ்சிப் படம் ஒன்று, உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு வரி, அதன் கீழ் அதே கறுப்புத் திரை வாசகம். மறுபடி எழுதினார். அதே மூஞ்சி, அதே சிரிப்பு. படித்துப் பார்க்க ஒரு மனிதன்கூட அந்தப் பக்கம் இல்லை. பொம்மைகளைப் பிடிக்க வைத்ததும் பொம்மையே, முறையீட்டைக் கேட்க வைத்ததும் பொம்மையே. அதைச் செய்துவைத்தவன் எங்கோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, எத்தனை மோசடிக் கணக்குகளை ஒழித்தோம் என்று பட்டியல் வாசித்துக் கைதட்டல் வாங்கியிருப்பான். அந்தக் கைதட்டலில் எங்கள் டிரைவரும் ஓர் எண்.

மைத்துனனுக்கு என்ன நஷ்டம்? சில நாள். நண்பன் ஒருவனின் காலிக் கடையறைக்குத் தட்டுகளோடு போன்களை மாற்றினான், புது இணைப்பு வாங்கினான், புதுத் தும்மல் பெயர்களில் அதே பழுப்புத் தொப்பிகள் மலையேறின.

கணவனோடு பேசாமல் இருந்த அந்த அம்மாதான் முதலில் உடைந்தார். மருந்துக் கடையின் கவுண்ட்டரில் நின்றபடியே தன் போனில் கம்பெனிக்கு எழுதினாராம்: என் புருஷன் திருடர் இல்லை, திருட்டைக் காட்டிக் கொடுத்தவர், அவர் கடையைத் திருப்பிக் கொடுங்கள். சிரிக்கும் மூஞ்சி அவருக்கும் வந்தது. அன்று கடையறைக்கே போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ பண்ணினதுக்கு அவரு ஏன்டா போகணும்? தோண்டுனவன் நீ, குழியில விழுந்தது அவரா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டிருக்கிறார். துவைக்கும் இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். அவன் எடுக்கவில்லை. அவரும் அதைப் போடுவதில்லை, கையால்தான் துவைக்கிறார். துவைக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

அடுத்த மாதம் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. விளையாடுவோரின் வசதிக்காக, இனித் தங்கக் காசுகளை நேரடியாகக் கம்பெனியின் கடையிலேயே பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். சிறிய மூட்டை, பெரிய மூட்டை, பெட்டகம். பெட்டகம் வாங்கினால் ஒரு கிளி இலவசம். இதைப் படித்துவிட்டு இவர் என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் வாயை வைத்துப் பேசினார். அப்படியும் பாதிதான் கேட்டது.

"டைம்கீப்பரே. திருடன் கடைய ஏன் மூடினானுங்கன்னு இப்பத்தான் புரியுது. அந்த எடத்துல இவனுங்க கடை போடுறதுக்கு."

அதன்பிறகு அவர் விட்டுவிடுவார் என்று டிப்போவில் பந்தயம் கட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் புதுக் கணக்கு ஒன்று தொடங்கினார். வெறுங்கால், கிழிந்த சட்டை, கையில் மொக்கை அரிவாள். புதிதாக வருகிற எல்லோருக்கும் கம்பெனி கொடுக்கும் கோலம். பழைய பட்டறை இருந்த இடத்தில் வேறு யாரோ கிளி விற்கிறார்கள். பழைய வாடிக்கையாளர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். நான்தான் கயிறு என்று அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுபடி சதுப்பில் இறங்கி நாணல் அறுத்தார். டப்பா மூடி பாதி திறந்தபடி நின்றது. திட்டு மட்டும் பழைய அளவுக்குக் குறையாமல் இருந்தது.

சென்ற வாரம் மதியம் என்னைக் கைகாட்டி அழைத்தார். புதுக் கணக்கை எப்படியோ மோப்பம் பிடித்து, விளையாட்டுக்குள் அவருக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தான் மைத்துனன். கூடவே ஒரு வரி: 'மாமா, மனசுல வெச்சுக்காதீங்க. அக்கா பேச மாட்டேங்குது. இதை வெச்சுப் பெரிய பட்டறையாவே போட்டுக்கோங்க.' பொட்டலத்தைத் திறந்தார். தங்கம். நாணல் அறுத்து இந்த ஜென்மத்தில் அவரால் சேர்க்க முடியாத தங்கம். திரையின் மூலையில் இருந்த எண் கொள்ளாமல் பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்தது.

"அனுப்பிச்சுட்டானா? நல்லதுண்ணே, பட்டறையப் போடுங்க" என்றார் பெஞ்சில் படுத்திருந்தவர், இந்தத் தடவை எழுந்து உட்கார்ந்து.

அவர் வெறுங்கால் ஆளைத் துறைமுகத்துக்கு நடத்திப் போனார். படகுகளைத் தாண்டி, வரி வாங்கும் மேடையைத் தாண்டி, மரப்பாலத்தின் கடைசிப் பலகை வரை. பையைத் திறந்து ஒரு மூட்டைக் காசை எடுத்துத் தண்ணீரின் மேல் பிடித்தார். 'கீழே போட்டால் திரும்பக் கிடைக்காது. உறுதியா?' என்று விளையாட்டு கேட்டது. 'ஆம்' என்பதை அமுக்கினார். சின்னதாக ஒரு வட்டம் எழும்பி அடங்கியது; அவ்வளவு காசும் செத்தது. ஒரு நேரத்தில் ஒரு மூட்டைதான் போட முடியும் போலிருக்கிறது. அடுத்ததை எடுத்தார். உறுதியா? ஆம். அடுத்தது. உறுதியா? ஆம். ஆட்கள் கூடிவிட்டார்கள். பட்டு அங்கி போட்டவர்கள், தோளில் கிளி வைத்தவர்கள். பைத்தியமா என்று எழுதினார்கள், சிரித்தார்கள், பாலத்துக்குக் கீழே முங்கிப் பார்த்தார்கள்; எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் போலவே கிழிந்த சட்டையும் வெறுங்காலுமாக ஒருவர் மட்டும் பக்கத்தில் வந்து நின்று, 'அண்ணே, தூக்கிப் போடுறத எனக்குக் குடுக்கலாமே' என்று எழுதினார்.

கட்டைவிரல் 'ஆம்' பொத்தானுக்கு மேல் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், பிறகு இறக்கினார். தடித்த ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, 'கயிறு வேணும்னா கேளு. சுருள் மூணு காசு' என்று பதில் எழுதிவிட்டு, அடுத்த மூட்டையை எடுத்துத் தண்ணீரின் மேல் பிடித்தார்.